40 கிலோ கல்லைக் கண்ணாடி தாங்குமா? கடல்மீன் தொட்டி கேள்வி பதில்

போன இதழில் கடல்மீன் தொட்டிக்குள் கல் அடுக்குவதைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பயம்தான், அடிக்கண்ணாடி தாங்குமா என்று. அதனால் வெள்ளைப்புள்ளி நோய், பாசி, ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) சத்தம் எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை கல் மட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: லைவ் ராக் என்பது இறந்துபோன பவளத்தின் சுண்ணாம்பு எலும்புக்கூடு. உயிர் இருப்பது கல்லில் இல்லை, அதன் துளைகளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவிலும் மேலே படர்ந்த பாசியிலும்தான். மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்று தீர்ப்பது அந்தக் குடித்தனம்.

என் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், தண்ணீர் ஒன்றரை அடி உயரம் நிற்கும். அடியில் 10 மில்லி கண்ணாடி. 40 கிலோ லைவ் ராக் வைக்கலாம் என்றிருக்கிறேன். "தண்ணியே 250 கிலோ, அதுக்கு மேல 40 கிலோ கல்லா? ஹால் முழுக்க வெள்ளம்தான்" என்கிறார் மாமனார். அவர் ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி, எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. அவர் சொல்வது சரியா? (வாசகி, கோவை)

தண்ணீர்க் கணக்கு சரி சகோதரி, கல் கணக்கில்தான் ஐயா கொஞ்சம் கூட்டிவிட்டார். கிணற்றில் தண்ணீர் சேந்தியவருக்கு இது தெரிந்த விஷயம்தான்: வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாக வரும், மட்டத்துக்கு மேலே வந்ததும் கையை இழுக்கும். கல்லுக்கும் அப்படியே. சுண்ணாம்புக் கல் தண்ணீரைப் போல ஏறக்குறைய 2.7 மடங்கு கனம். தராசில் 40 கிலோ காட்டும் கல், தொட்டிக்குள் இறங்கும்போது சுமார் 15 லிட்டர் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரைக் கழித்தால் நீங்கள் உண்மையில் கூட்டிய பாரம் 25 கிலோதான். 250 கிலோவோடு இன்னொரு பத்தில் ஒரு பங்கு. பக்கத்துக் கண்ணாடிகளுக்கோ உள்ளே கல் இருப்பதே தெரியாது. அவற்றை வெளியே தள்ளுவது தண்ணீரின் உயரம் மட்டுமே, கல்லை அவற்றின் மேல் சாய்த்து வைக்காத வரை.

அப்படியானால் கவலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் மொத்த எடையில் இல்லை. ஒன்றரை அடித் தண்ணீர் அடிக்கண்ணாடியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 46 கிராம் கனத்தோடு உட்கார்ந்திருக்கிறது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. இப்போது 10 கிலோ கல் ஒன்றை எடுங்கள், தண்ணீருக்குள் அது 6 கிலோ சொச்சம். அது நிற்பது மூன்று முனையில், ஒவ்வொரு முனையும் துவரம்பருப்பு அளவு என்று வைத்துக்கொண்டால் மூன்றும் சேர்ந்து முக்கால் சதுர சென்டிமீட்டர்கூட வராது. அந்த இடத்தில் மட்டும் சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோவுக்கு மேல், அதாவது தண்ணீர் அமுக்குவதைப் போல 170, 180 மடங்கு. வெறுங்காலோடு ஜல்லி மேல் நின்றால் நம் எடை கூடிவிடுவதில்லை, ஆனால் கால் கத்துகிறது அல்லவா? மாமனாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், உடனே பிடிபடும்.

இதிலும் ஒரு நல்ல சேதி உண்டு. கண்ணாடி அமுக்கத்துக்குப் பயப்படுகிற பொருள் இல்லை, வளைவதற்கும் அடிபடுவதற்கும்தான் பயப்படும். அடியில் சமமான பலகை முழுசாகத் தாங்கிக்கொண்டிருந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும் கல் கண்ணாடியை உடைப்பது அபூர்வம். உடைப்பது எது என்றால், ஒன்று, கை நழுவி விழும் கல். இன்னொன்று, அடியில் பள்ளம் இருந்து அந்த இடத்தில் கண்ணாடி வளைவது. அப்புறம், கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டிய மணலோடு கல்லைத் திருகுவதும் இழுப்பதும், அது போடும் கீறலில்தான் பின்னால் விரிசல் பிறக்கும்.

என் முதல் தொட்டி முதல் வகையில் போனது. எல்லாக் கல்லையும் அழகாக அடுக்கிவிட்டு, கடைசியில் மேலே வைக்க வேண்டிய தேங்காய் அளவுக் கல் ஒன்று ஈரக்கையில் வழுக்கி ஒரு அடி உயரத்திலிருந்து விழுந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை அப்போது. தண்ணீர் ஏந்திக்கொள்ளாததால் காலித் தொட்டியில்தான் கல் முழுக் கனத்தோடும் முழு வேகத்தோடும் விழும். எனவே அடுக்குகிற அன்றுதான் ஆபத்து அதிகம், தொட்டி நிரம்பிய பிறகு இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தரையில் சாக்பீஸால் 4 அடிக்கு ஒன்றரை அடி கட்டம் போடுங்கள், பழைய போர்வை விரித்து அதன்மேல் முதலில் முழு அடுக்கையும் கட்டிப் பாருங்கள், பிடித்தால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் போகும் நாலைந்து கல் பெரிசாக, தட்டையாக இருக்கட்டும். கூரான முனை நீட்டிக்கொண்டிருந்தால் உளியால் தட்டிவிடலாம், வெளியே வைத்து. (அடிக்கல் பதிப்பது மாமனாரின் தொழில், அந்த வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள், வீட்டில் சமாதானமும் வரும்.) போர்டு செய்யும் கடைகளில் வெட்டி மிஞ்சிய 3 மில்லி அக்ரிலிக் துண்டு சல்லிசாகக் கிடைக்கும், ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வொரு அடிக்கல்லின் பாதத்துக்கும் ஒரு துண்டு வையுங்கள். அடி முழுக்க ஷீட் விரிப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை, அதன் அடியில் அழுக்கு போய்ச் சேர்ந்தால் எடுக்கவே முடியாது. ஃபால்ஸ் சீலிங் டியூப்லைட்டுக்குக் கீழே போடுவார்களே, வெள்ளைச் சதுரக் கண் பிளாஸ்டிக் வலை, அதைப் போடுவதும் ஒரு வழிதான், கல் வழுக்காது, ஆனால் மணல் விலகினால் வெள்ளை வெள்ளையாகப் பல்லைக் காட்டும். தெர்மாகோலை மட்டும் உள்ளே போட்டுவிடாதீர்கள், என்றைக்காவது கல்லைத் தூக்கினால் மிதந்து வந்து மொத்த மணலையும் கலக்கிவிடும்.

பக்கத்துக் கண்ணாடிக்கும் கல்லுக்கும் நாலு விரல் இடம் விடுங்கள், காந்தத் துடைப்பான் போய்வர வேண்டும். இன்னொன்று, 40 கிலோ எதற்கு? கேலனுக்கு ஒரு பவுண்டு, ஒன்றரைப் பவுண்டு என்று ஒரு பழைய அமெரிக்கக் கணக்கு உண்டு, எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். நல்ல துளையுள்ள கல் என்றால் 20, 25 கிலோவிலேயே அழகாகக் கட்டலாம், மீன் நீந்தவும் இடம் இருக்கும்.

மணலைப் பரப்பி அதன்மேல் கல் வைத்தால் மெத்தை மாதிரி இருக்காதா? கடைக்காரர் அப்படித்தான் வைத்துக் கொடுத்தார். (வாசகர், நாகர்கோவில்)

மெத்தைதான், ஆனால் ராத்திரியில் யாராவது உருவிவிடும் மெத்தை. பிஸ்டல் இறாலும் கோபி மீனும் ஜோடியாக வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், இறால் புல்டோசர் மாதிரி நாள் முழுக்கத் தோண்டும், மீன் வாசலில் காவல் நிற்கும். ஜாபிஷ் என்ற மீன் அதைவிட மோசம், கல்லையே வாயில் தூக்கி நகர்த்தும். கல்லுக்கு அடியிலிருந்து இரண்டு கை மணல் போனால் மேலே இருக்கும் கோபுரம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் கல், கல்லின் பாதம் கண்ணாடியில் (அல்லது அக்ரிலிக் துண்டில்), அதற்கப்புறம் சுற்றி மணல்.

ஏற்கெனவே மணல் மேல் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் இன்றே பிரித்துப் போட வேண்டாம். அடுத்த தண்ணீர் மாற்றும் நாளில், மேல் கல்லை எடுத்து வைத்துவிட்டு, அடிக்கல்லைச் சுற்றி இருக்கும் மணலைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, கல்லை நேராகத் தூக்கி நேராக இறக்குங்கள். அப்படியே திருகி அழுத்தி இறக்கலாம் என்று தோன்றும். கீறல் போடுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் போடணுமா வேண்டாமா? உள்ளூரில் செய்தவர் போடு என்கிறார். நண்பர் வாங்கிய வெளிநாட்டுத் தொட்டியின் கையேடு போடாதே என்கிறது. (வாசகர், திருச்சி)

இரண்டு பேரும் சரி, தொட்டிதான் வேறு. உங்கள் நண்பரின் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் கீழே சுற்றிவர பிளாஸ்டிக் சட்டம் இருக்கும், அடிக்கண்ணாடி பலகையைத் தொடாமல் அந்தச் சட்டத்தில் ஓரங்களில் மட்டும் உட்கார்ந்து நடுவில் அந்தரத்தில் நிற்கும். பாரம் ஓரத்தில் இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்தது, அதன் கீழே மெத்தென்று எதையாவது வைத்தால் பாரம் இறங்கும் வழி மாறிவிடும். அந்த வகைத் தொட்டியில் கல்லைக் குவியலாக நடுவில் ஏற்றாமல் நீளவாக்கில் பரப்பி வைப்பது நல்லது, கீழே தாங்க ஒன்றும் இல்லை என்பதை மறக்கக்கூடாது.

நம் ஊரில் செய்யும் சட்டமில்லாத தொட்டியில் அடிக்கண்ணாடி முழுசாகப் பலகையில் படுக்கும். அதற்கு அரை அங்குல தெர்மாகோல் கட்டாயம். ஒரு மணல் பரலோ ஆணித்தலையோ பலகையில் நீட்டிக்கொண்டிருந்தால் அது தெர்மாகோலுக்குள் புதைந்துபோகும், கண்ணாடியைக் குத்தாது. அவ்வளவுதான் அதன் வேலை. ஸ்டாண்டே கோணல் என்றால் தெர்மாகோல் காப்பாற்றாது. ரசமட்டம் வைத்து நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் நாலையும் பாருங்கள். இரும்பு ஸ்டாண்ட் என்றால் வெல்டிங் செய்த மூலைகளையும் தடவிப் பாருங்கள், முண்டு இருந்தால் கிரைண்டர் போடச் சொல்லுங்கள். மேலே 18 மில்லி பிளைவுட், அதன்மேல் தெர்மாகோல், அதன்மேல் தொட்டி.

நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. மேலே கோவை வாசகி கேட்ட அளவுதான் என் தொட்டியும். தளம் தாங்குமா? (வாசகர், சென்னை)

உங்கள் கடிதமும் அவர் கடிதமும் ஒரே வாரத்தில் வந்ததால் கணக்கு எனக்கு மிச்சம். தண்ணீர் 250, கண்ணாடி 55, கல்லின் கூடுதல் பாரம் 25, மணல் 15, ஸ்டாண்ட் ஒரு 40. மொத்தம் 385 கிலோ பக்கம். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் ஆறு பேர் சுவரோரம் போட்டோவுக்கு நிற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை, அந்த ஆறு பேரும் வீட்டுக்குப் போகவே மாட்டார்கள் என்பதைத் தவிர.

வீட்டு அறைகளுக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியக் கட்டடத் தரக் குறியீடு சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், சுமார் 200 கிலோ. தொட்டி நிற்கும் அரை சதுர மீட்டரை மட்டும் பார்த்தால் நாம் அதைத் தாண்டிவிடுகிறோம், ஆனால் கான்கிரீட் தளம் பாரத்தைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும், 10க்கு 12 அறை முழுவதற்கும் அந்தக் கணக்கு 2,200 கிலோ வரும். அதனால் முறையாகக் கட்டிய வீட்டில், சுவரோரமாக, முடிந்தால் கீழே பீம் ஓடும் பக்கமாக வைத்தால் இந்த அளவுத் தொட்டிக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. அறை நடுவில் வேண்டாம். பால்கனி வேண்டவே வேண்டாம். பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய தளம்) வீடு, விரிசல் விட்ட தளம், கம்பி தெரியும் சீலிங், இதில் ஏதாவது இருந்தாலோ தொட்டி 5 அடியைத் தாண்டினாலோ ஒரு பொறியாளரைக் கூட்டி வந்து காட்டுங்கள், அவர் வாங்கும் கட்டணம் ஒரு மீன் விலைதான் இருக்கும். அப்புறம் ஸ்டாண்டின் நாலு கால்: ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 100 கிலோ, டைல்ஸ் விரியும். காலுக்கு அடியில் அகலமான இரும்புத் தகடு வையுங்கள்.

மேல் கல் நழுவி விழுந்து அடியில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. ஒரு வாரமாகக் கசியவில்லை. சிலிக்கான் பசை பூசினால் போதுமா? (வாசகர், சேலம்)

போதாது. இதைப் படிக்கும்போது தொட்டியில் தண்ணீர் இருந்தால் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதை இறக்குங்கள்.

கீறலா விரிசலா என்று பார்க்க, இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். கீறல் மேலோட்டமாகத் தெரியும், நகம் தட்டும். விரிசல் கண்ணாடியின் கனத்துக்குள்ளேயே இறங்கி வெள்ளி மாதிரி மின்னும். விரிசல் என்றால் அது நின்றுவிட்டது என்று நம்பக் காரணமே இல்லை, ஒரு வாரம் பொறுத்தது மாதிரியே ஒரு மாதமும் பொறுக்கலாம், நாளை காலையே ஓடவும் செய்யலாம். சிலிக்கான் ஓட்டையை அடைக்கும், கண்ணாடிக்குப் போன பலத்தைத் திருப்பித் தராது. அடிக்கண்ணாடியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கல்லைப் பெரிய பிளாஸ்டிக் டப்பில் அதே தொட்டித் தண்ணீரில் போட்டு ஒரு பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சின்னப் பம்ப்) ஓடவிடுங்கள், சேலம் வெயிலுக்கு ஹீட்டர் தேவைப்படாது (ஊட்டிக்காரர்கள் மட்டும் போடவும்). ஒரு மணி நேரம் ஈரக் காகிதம் சுற்றி வெளியே இருந்தால் கல் தாங்கும். ராத்திரி முழுக்கக் காய்ந்தால் உள்ளே இருக்கும் புழு, கடற்பஞ்சு எல்லாம் செத்து, திரும்ப வைக்கும்போது அம்மோனியா ஏறி மீன்களையும் கொண்டுபோகும். புதுக் கண்ணாடி ஒட்டிய பிறகு ஒரு வாரம் காய விடுங்கள், புளித்த காடி வாசனை முழுசாகப் போக வேண்டும். குளியலறைக்கு விற்கும் சிலிக்கான் வேண்டாம், பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதில் மருந்து கலந்திருப்பார்கள்.

கல்லோடு கல்லை எதை வைத்து ஒட்டுவது? (வாசகி, ஈரோடு)

ஒட்டுவதற்கு முன்னால் ஒட்டாமலே நிற்கிறதா என்று பாருங்கள். முக்காலி மாதிரி மூன்று இடத்தில் உட்கார வேண்டும், மேல் கல்லை ஒரு விரலால் தள்ளினால் ஆடக்கூடாது. ஆடினால் திருப்பி வைத்துப் பாருங்கள், ஒரு கல்லுக்கு எத்தனையோ முகம். ஒட்டு என்பது நத்தையும் கடல் முள்ளெலியும் முட்டும்போது நகராமல் இருக்க மட்டும். தண்ணீருக்குள் இறுகும் இரண்டு பாகம் எப்பாக்ஸி புட்டியும் சூப்பர் குளு ஜெல்லும் சேர்த்துப் போடுங்கள்: முதலில் பசை, நடுவில் புட்டி, மறுபடி பசை. தனியாகப் போட்டால் புட்டி கல்லில் சரியாகப் பிடிக்காது. பெரிய தூண் கட்டுவதென்றால் துளை போட்டு அக்ரிலிக் கம்பி சொருகலாம். இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், செம்பு அதைவிட மோசம், இறால், நத்தை, பவளம் எதுவும் பிழைக்காது.

ராமேஸ்வரம் கடற்கரையில் இந்தக் கல் சும்மா கிடக்கிறதே, பொறுக்கி வந்தால் என்ன? (வாசகர், மதுரை)

வழக்கு வரும். கடினப் பவளங்கள் அத்தனையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இலிருந்து இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. உயிரோடு இருப்பதும், செத்துக் கரை ஒதுங்கியதும் ஒரே கணக்கு. அந்த அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வண்டி வண்டியாக வெட்டினோம். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரை அருகில் போய்ப் பார்த்தால் அந்தக் கல் தெரியும். வெட்டியதன் விலை, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகளும் இப்போது தண்ணீருக்குள்.

கோவை சகோதரிக்கும் சேர்த்தே சொல்கிறேன்: கடையில் லைவ் ராக் என்று விற்றால் எந்தக் கடலிலிருந்து, எந்தக் காகிதத்தோடு வந்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். பீங்கானில் சுட்ட கல்லும் சிமென்ட்டில் வார்த்த கல்லும் கிடைக்கின்றன. பாக்டீரியா குடியேற ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும், ஊதா நிறப் பாசி படர இன்னும் மாதங்கள் ஆகும், அப்புறம் பார்த்தால் அசல் எது என்று எனக்கே தெரியாது. சிமென்ட் கல் என்றால் முதலில் நல்ல தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டு, பிஎச் (காரத்தன்மை அளவு) இறங்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்குக் கடல் தொட்டி இல்லை, மலாவி சிக்லிட் (ஆப்பிரிக்க ஏரி மீன்) வளர்க்கிறேன். கிரானைட் துண்டுகளுக்கும் இதே விதிதானா? (வாசகர், கிருஷ்ணகிரி)

இதேதான், கொஞ்சம் கூடுதலாகவே. கிரானைட்டில் துளை கிடையாது, உடைத்த துண்டின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், உங்கள் மீன்களோ பிறவித் தோண்டிகள். கூரான ஓரத்தைக் கீழ்ப் பக்கம் வைக்காமல் பக்கவாட்டில் திருப்பி, பாதத்துக்கு அக்ரிலிக் வைத்து, மணலைக் கடைசியாகக் கொட்டுங்கள். பாலிஷ் போட்ட பக்கம் கீழே வரட்டும், சமமாக உட்காரும்.